வெளியில் வைத்த பிளைவுட் முயல் கூண்டு: எது கெட்டால் எங்கே பார்ப்பது

சேலத்தில் கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் மொட்டை மாடியில் முயல் வளர்ப்பவர்களும் சரி, மேலே ஏற்காட்டில் நாகலூர், செம்மடுவு பக்கம் வீட்டுக்குப் பின்னால் கூண்டு போட்டவர்களும் சரி, சொல்கிற குறை ஒன்றேதான்: "நல்ல பிளைவுட்னு சொல்லித்தான் கொடுத்தாங்க, ஒரு மழைக்குத் தாங்கலை." போய்ப் பார்த்தால் பலகையின் முகம் நன்றாகவே இருக்கும், வெட்டிய விளிம்பு மட்டும் உப்பிப் போய்க் கிடக்கும். அதனால் கூண்டு ரிப்பேர் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது விளிம்பைத்தான், மேலே பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

கீழே குறை வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கூண்டில் தெரிகிற குறையைத் தேடிப் பிடித்து அங்கிருந்து படித்தால் போதும். செலவில்லாத காரணம் முதலில், பணம் கேட்கிற காரணம் கடைசியில். கணக்குக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் உள்ள, கால் வைத்த முயல் கூண்டை எடுத்துக்கொள்கிறேன். நாட்டுக்கோழிக்கும் நாய்க்கும் போடுகிற கூண்டிலும் பெரும்பாலும் இதே கதைதான். எந்த வேலையாக இருந்தாலும் முயலை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பெயின்ட், பசை வாடை முழுதாகப் போன பிறகுதான் திரும்ப உள்ளே விட வேண்டும்.

## விளிம்பு உப்புகிறது, அடுக்கு பிரிகிறது

கீழ் விளிம்பு மட்டும் என்றால்

இது தண்ணீர் தேங்குகிற பிரச்சினை, பலகையைத் திட்டாதீர்கள். கூண்டு நேராகத் தரையில் உட்கார்ந்திருக்கிறதா, கழுவிவிடுகிற தண்ணீர் பலகையின் அடியில் போய் நிற்கிறதா, சிமெண்ட் தரையில் மழை தெறித்து மேலே அடிக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்கிற நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கூண்டின் பக்கத்தில் நின்றாலே விடை கிடைத்துவிடும். ஒன்றரை அடி உயரத்துக்கு இரும்பு ஆங்கிள் கால் வைத்துத் தூக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏற்காட்டில் எஸ்டேட்டில் சும்மா கிடைக்கிற சில்வர் ஓக் கட்டையை அப்படியே மண்ணில் நட்டுக் காலாக்கி விடுகிறார்கள், அது மண்ணுக்குள் தாங்காது. மரக்கால்தான் வேண்டுமென்றால் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

எல்லா விளிம்பும் உப்பினால்

வெட்டிய பிறகு விளிம்பை அடைக்கவில்லை என்று அர்த்தம். பலகையின் முகத்துக்கு இரண்டு கோட் அடிப்பவர்கள் விளிம்பில் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். புதிதாக வெட்டுகிறவர்கள் இதைக் கூண்டாகப் பூட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், பூட்டிய பிறகு அடிவிளிம்புக்குப் பிரஷ் போகாது. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துணியால் துடையுங்கள். வுட் பிரைமரைக் கொஞ்சம் தின்னர் விட்டு நீர்க்க வைத்து முதல் கோட் கொடுத்தால் விளிம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் கெட்டியாக இன்னொரு கோட் பிரைமர், அதன் மேல் எனாமல் இரண்டு கோட். ஸ்க்ரூவுக்குப் போட்ட ஓட்டை, தாழ்ப்பாளுக்குக் குடைந்த இடம் எல்லாமே விளிம்புதான், அங்கேயும் கொடுங்கள்.

ஏற்கெனவே உப்பியிருந்தால், பிரிந்த ஆழம் இரண்டு விரல் அளவுக்குள் இருக்கிற வரை காப்பாற்றலாம். கூண்டை நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பசை ஊற்றினால் அத்தனையும் வீண். காய்ந்ததும் ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீர் தாங்கும் பசையையோ எபாக்ஸியையோ எடுத்து அடுக்குகளுக்கு நடுவே ஏற்றி, மேலும் கீழும் ஒரு சட்டம் வைத்து சி-கிளாம்ப்பால் இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை இங்கே உதவாது, அடுத்த மழையில் திரும்ப வாய் பிளக்கும். அதற்கு மேல் பிரிந்திருந்தால் கெட்ட பட்டையை நேராக வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேக்கு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடிப்பது நல்லது.

பலகையின் நடுவே குமிழ் குமிழாக எழும்பினால்

இப்போதுதான் பலகையின் மேல் சந்தேகப்பட வேண்டும். கடைகளில் பொதுவாக மூன்று ரகம் சொல்வார்கள்: எம்.ஆர். (ஈரப்பதம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது), பி.டபிள்யூ.பி. (கொதிநீர் புகாதது, கடையில் மரைன் பிளை என்பது பெரும்பாலும் இதுதான்). எம்.ஆர். என்பது வீட்டுக்குள் பீரோவுக்குப் போடுகிற சரக்கு. "வாட்டர் ரெசிஸ்டன்ட்தான் சார்" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் வெளியில் வைக்காதீர்கள். குமிழ் எழும்பினால் பெரும்பாலும் அது எம்.ஆர்.தான், அதற்கு ரிப்பேர் கிடையாது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, மிச்சம் கிடக்கும் ஒரு துண்டை எடுத்து ஒரு பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வையுங்கள். சமைக்கிற பாத்திரம் வேண்டாம், பசை கரைந்தால் வீட்டில் பதில் சொல்லி மாளாது. ஓரிரு மணி நேரத்திலேயே அடுக்கு அடுக்காகக் கழன்று வந்தால் விஷயம் முடிந்தது. மரைன் பிளைக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 72 மணி நேரம் கொதிக்கவைத்துப் பசைப் பிடிப்பைச் சோதிக்கிறார்கள், அதனால் உண்மையான 710 உங்கள் அடுப்புக்கெல்லாம் அசையாது.

மாற்றிப் போடுவதற்குப் புதுப் பலகை வாங்கப் போனால்

ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதற்குக் கீழே சி.எம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். வெறும் "710" என்று மட்டும் சீல் அடித்திருந்தால் அது யார் வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய சீல். அப்புறம் ஷீட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். அடுக்குகள் ஒரே தடிமனில், இடைவெளி இல்லாமல் போக வேண்டும். நடுவில் கறுப்பாகப் பொந்து தெரிந்தால் அதே பொந்து நீங்கள் வெட்டுகிற கோட்டிலும் வரும், அங்கே தண்ணீர் குடியேறும். ஒரு நாணயத்தால் ஷீட்டின் குறுக்கே தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் திடீரென்று டொப்பென்று மாறுகிற இடத்தில் உள்ளே காலி. பசைக் கோடு கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது என்பார்கள், உண்மைதான், ஆனால் பசையில் சாயம் கலக்கிற ஆட்களும் உண்டு, நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சேலத்தில், மேலே கூரை உள்ள இடத்தில் கூண்டு வைப்பதானால், விளிம்பை ஒழுங்காக அடைத்த பி.டபிள்யூ.ஆர். போதும் என்பது என் கருத்து. ஏற்காட்டுக்கு 710 வாங்குங்கள், அங்கே மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் பலகையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மரைன் பிளையில் கரையாதது பசைதான். மரம் மரம்தான், பெயின்ட் இல்லாமல் விட்டால் அதுவும் கறுக்கும், உளுக்கும், கரையானும் தின்னும்.

தடிமன் விஷயத்தில் பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் 12 எம்எம் சரியாக இருக்கும். 6 எம்எம் வாங்கி மிச்சம் பிடிப்பவர்களைப் பற்றிக் கதவுப் பகுதியில் சொல்கிறேன். 18 எம்எம் முழு ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 முதல் 40 கிலோ வரும், அதை வண்டியில் கட்டி இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏற்றுவதற்குப் பதில், கீழேயே நான்குக்கு இரண்டு அடித் துண்டுகளாக வெட்டி எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

## வெட்டும்போது மேல் தோல் பிசிறு பிசிறாகப் பெயர்கிறது

எந்த மெஷினாக இருந்தாலும் பல் மரத்தை விட்டு வெளியேறுகிற பக்கம்தான் பிசிறும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நல்ல முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கையில் பிடித்து ஓட்டுகிற சர்க்குலர் சா, ஜிக்சா: பல் கீழிருந்து மேலே வருகிறது, எனவே நல்ல முகம் கீழே. டேபிள் சா, கை ரம்பம்: பல் மேலிருந்து கீழே இறங்குகிறது, நல்ல முகம் மேலே. மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி வெட்டுகிறவர்கள் உறையின் மேல் இருக்கிற அம்புக்குறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முகம் சரியாக வைத்தும் பிசிறினால், வெட்டுகிற கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் கோட்டின் மேல் கூர்மையான கத்தியால் ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்திக் கீறிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மேல் தோலின் ரேகைக்குக் குறுக்கே வெட்டுகிற கோடுகளுக்குக் கட்டாயம் இது தேவை, ரேகையோடு போகிற வெட்டு அவ்வளவு பிசிறாது. ஷீட்டின் அடியில் முழுதாகத் தாங்கல் இருக்கிறதா என்பதும் முக்கியம். தரையில் பழைய தெர்மாகோல் ஷீட் போட்டு அதன் மேல் பிளையை வைத்து, பிளேடு பலகையின் தடிமனை விட ஒரு நூல் மட்டும் கூடுதலாக இறங்கும்படி வைத்தால் நின்றபடியே பயமில்லாமல் வெட்டலாம். துண்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் கடைசி ஒரு இஞ்ச் கிழிந்துகொண்டுதான் விழும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் பிளேடை மாற்றுங்கள். நான்கு இஞ்ச் பிளேடில் 40 பல், ஏழு இஞ்ச்சில் 60 பல், கார்பைடு முனை. கட்டை அறுக்கிற பெரிய பல் பிளேடு பிளைவுட்டுக்கு ஆகாது.

பிசிறிய இடத்தைப் பட்டி பூசி மறைப்பது அலங்காரத்துக்குச் சரி. ஆனால் வெளியில் நிற்கிற கூண்டில் பிசிறு எடுத்த இடம் ஈரம் குடிக்கிற இடம், தேய்த்துவிட்டு பிரைமர் கொடுங்கள்.

## வெட்டு கருகுகிறது, மெஷின் திணறுகிறது

புகை வந்தாலே பிளேடு மழுங்கிவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். பிளேடைக் கழற்றிப் பல்லின் அடியைப் பாருங்கள், பழுப்பாகப் பசை கட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே புதிது மாதிரி ஓடும். வெட்டு நேராகப் போகாமல் வளைந்தாலும் பிளேடு பிடிக்கும். அலுமினிய சேனல் ஒன்றை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி அதை ஒட்டியே தள்ளுங்கள். தள்ளுகிற வேகம் ரொம்ப மெதுவாக இருந்தாலும் கருகும். இவ்வளவும் சரியாக இருந்தும் கருகினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, சாணை பிடிக்கிற கூலிக்குக் கொஞ்சம் மேலே போட்டால் சின்னப் பிளேடு புதிதே வாங்கிவிடலாம்.

மார்பிள் கட்டர் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின். நீங்கள் மாட்டுகிற மர பிளேடு அந்த வேகத்தைத் தாங்குமா என்று பிளேடின் மேலேயே அதிகபட்சச் சுற்று எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற ஆளைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். பிளேடு பிடித்துக்கொண்டு மெஷின் பின்னால் எகிறினால், அல்லது கையில் ஷாக் அடிப்பது போல் இருந்தால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு மோட்டார் ரிப்பேர் கடையில் காட்டுங்கள். வெட்டுவதற்கு மட்டும் ஆசாரியிடம் கொடுத்தால் அரை நாள் கூலிக்குள் முடிந்துவிடும், விரலை விட அது மலிவு. மாஸ்க் போடாமல் பிளைவுட் தூளைச் சுவாசிக்கவும் கூடாது.

## துண்டுகளைச் சேர்த்தால் பொருந்தவில்லை

பெரும்பாலும் ரம்பம் தின்கிற அளவைக் கணக்கில் விட்டிருப்பார்கள். 2440 மி.மீ. நீள ஷீட்டில் இரண்டு அடியாக நான்கு துண்டு வரும் என்று மனக்கணக்குப் போட்டு, ஒரே மூச்சில் எல்லாக் கோடும் போட்டு வெட்டினால், மூன்று வெட்டுக்கும் சேர்த்து பிளேடு 9 மி.மீ. வரை தின்றுவிடும், துண்டுகள் ஒன்றுக்கொன்று சில மி.மீ. வித்தியாசமாக வரும். ஒரு கோடு போட்டு வெட்டுங்கள், வெட்டிய பிறகு அங்கிருந்து அளந்து அடுத்த கோடு. இரண்டு பக்கப் பலகையும் ஒரே அளவு வேண்டுமென்றால் ஒன்றை வெட்டி அதையே இன்னொன்றின் மேல் வைத்துக் கோடு போடுங்கள், டேப்பை நம்ப வேண்டாம்.

அளவு சரி, ஆனால் கூண்டு கோணலாக நிற்கிறது என்றால் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். ஷீட்டின் கம்பெனி விளிம்பே சில சமயம் நேராக இருக்காது, அதை நம்பித் தொடங்கினால் எல்லாத் துண்டும் கோணும்.

ஸ்க்ரூ ஏற்றும்போது விளிம்பு பிளக்கிறதா? 12 எம்எம் பலகையின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ ஏற்றாதீர்கள், எவ்வளவு கவனமாக ஓட்டை போட்டாலும் அடுக்கு விலகும். நான்கு மூலையிலும் ஒன்றரை இஞ்ச் ரீப்பர் நிறுத்தி, பலகையின் முகத்தின் வழியாக ரீப்பருக்குள் ஸ்க்ரூ போக வேண்டும். எஸ்.எஸ். ஸ்க்ரூ போடுங்கள். எவர்சில்வர் செய்கிற ஊரில் இருந்துகொண்டு துருப்பிடிக்கிற ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, துரு வடிந்த கோட்டைக் காட்டிப் பலகை சரியில்லை என்று சொல்பவர்களை என்ன செய்வது?

## கதவு முறுக்கிக்கொண்டது, சாத்தவே முடியவில்லை

முதலில் கீலைப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கினாலும் முறுக்கிக்கொண்டது போலத்தான் தெரியும். கதவைக் கழற்றிச் சமதரையில் வைத்தால் தெரிந்துவிடும்: நான்கு மூலையும் தரையைத் தொட்டால் குற்றம் கீலில், ஒரு மூலை எழும்பி ஆடினால் குற்றம் பலகையில்.

பலகை முறுக்குவதற்கு நான் அதிகம் பார்க்கிற காரணம், வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து உள்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவது. ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, பலகை அப்பளம் போல வளையும். இலேசான முறுக்காக இருந்தால் காயவைத்து, புடைத்த பக்கத்தை மேலே வைத்து இரண்டு மூன்று நாள் செங்கல் பாரம் ஏற்றி, நிமிர்ந்ததும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் கோட் கொடுங்கள். 6 எம்எம்மில் கதவு செய்திருந்தால் இந்த வைத்தியம் எதுவும் நிற்காது. அதைக் கழற்றி அடுப்புக்குப் போட நினைத்தாலும் வேண்டாம், பசைப் புகை நல்லதல்ல.

உண்மையில் முயல் கூண்டுக்கு முழுப் பிளைவுட் கதவே தேவையில்லை. ரீப்பர் சட்டம் கட்டி அதில் வெல்டட் மெஷ் அடித்தால் முறுக்கவும் முறுக்காது, காற்றும் போகும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை வேண்டாம், தெரு நாய் பல்லால் இழுத்தால் வந்துவிடும், கீரிக்கும் மரநாய்க்கும் அது ஒரு தடையே இல்லை. ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: கொக்கி மட்டும் போட்டால் குரங்கு திறந்துவிடும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு சின்னப் பூட்டு மாட்டுங்கள்.

## உள்ளே கறுப்புப் புள்ளி, பூஞ்சை, கூரையின் அடியில் நீர் முத்து

இது பெரும்பாலும் மலைமேல் வருகிற குறை. 1500 மீட்டர் உயரத்தில் ராத்திரி தகரம் சில்லிட்டுப் போனால் அதன் அடியில் ஈரம் முத்து முத்தாகப் பூத்து, ஒட்டி அடித்த பிளைவுட்டில் இறங்கும். மழையே பெய்யாமல் கூரை ஒழுகுகிறது என்று சொல்வார்கள், ஒழுகுவதில்லை, வியர்க்கிறது.

முதல் வேலை, அடைத்து வைத்திருக்கிற சாக்கையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் பகலில் எடுத்துவிடுவது. குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் மூடிவிடுகிறார்கள், முயலுக்குக் குளிரை விட ஈரக்காற்றும் மூத்திர வாடையும்தான் கெடுதல். பின்பலகையின் மேல்விளிம்பை ஒட்டி நான்கு விரல் உயரத்துக்கு ஒரு இடைவெளி வெட்டி மெஷ் அடியுங்கள். அடுத்து, தகரத்துக்கும் பிளைக்கும் நடுவே ஒரு இஞ்ச் ரீப்பர் கொடுத்துத் தூக்கி, தகரம் எல்லாப் பக்கமும் அரை அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, பின்பக்கம் சரிவாக வையுங்கள்.

இருக்கிற பூஞ்சையை வினிகர் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து, தேய்த்துவிட்டு பெயின்ட் அடிக்கலாம். காய்ந்த தூளாகத் துடைக்காதீர்கள், பறந்து உங்கள் மூக்குக்குள் போகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே இறங்கினால் பலகை உளுத்துவிட்டது, அதன் மேல் பெயின்ட் அடிப்பது பணத்துக்குப் பிடித்த கேடு. முயல் தொடர்ந்து தும்மினாலோ மூக்கு ஒழுகி முன்னங்கால் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தாலோ கூண்டு வேலையைப் போட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

## வாடை போகவே மாட்டேன் என்கிறது, வெள்ளையாகப் படிகிறது

தரையைப் பிளைவுட்டில் போட்டிருக்கிறீர்கள், சரிதானே? முயல் மூத்திரம் பிளைவுட் தரையில் இறங்கினால் எந்தப் பெயின்ட்டும் ரொம்ப நாள் தடுக்காது. வெள்ளைப் படிவு சுண்ணாம்பு உப்பு, வினிகரில் கரையும். வினிகரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுரண்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மூத்திரம் ஊறிய பலகையில் நேராகப் போட்டால் நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும், வினிகரோடு சேர்ந்தாலும் அப்படித்தான். தண்ணீரால் நன்றாகக் கழுவிய பிறகுதான் அது.

நிரந்தரத் தீர்வு தரையை மாற்றுவதுதான். ஒரு இஞ்ச்சுக்கு அரை இஞ்ச் கண் உள்ள கனமான வெல்டட் மெஷ் போட்டு, அடியில் இழுத்து எடுக்கிற தகரத் தட்டு வையுங்கள். கம்பியின் மேலேயே முயல் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும், எனவே ஒரு மூலையில் உட்காருவதற்கு ஒரு அடிச் சதுரப் பலகையைக் கழற்றிக் கழுவுகிற மாதிரி போட்டுவிடுங்கள்.

புதுக் கூண்டில் கண் எரிகிற வாடை வந்தால் அது பசையும் பெயின்ட்டும். சில நாள் காற்றாட வைத்தால் அடங்கும், அடங்கும் வரை முயலை விட வேண்டாம்.

## முயல் பலகையைக் கொறிக்கிறது

கொறிக்காத முயல் கிடையாது, கொறிக்கிற இடத்தைத்தான் மாற்ற முடியும். கொய்யாக் குச்சி, மல்பெரிக் குச்சி வெட்டிப் போடுங்கள், வைக்கோலோ காய்ந்த புல்லோ எப்போதும் இருக்கட்டும். அதற்கும் மேல் பலகையைத் தேடிப் போனால் வாய்க்கு எட்டுகிற விளிம்புக்கெல்லாம் அலுமினிய எல்-ஆங்கிள் அடித்துவிடுங்கள், விளிம்பும் மூடிவிடும், மழைக்கும் ஆயிற்று. அலுமினியத்தின் முனை கையைக் கிழிக்காமல் அரம் போட்டு மழுக்க வேண்டும்.

உள்பக்கத்துக்கு வீட்டில் மிச்சம் கிடக்கிற பழைய பெயின்ட் டப்பாவை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறதோ. கொறித்த முயல் தீனி எடுக்காமல், புழுக்கை போடாமல் அரை நாள் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## பலகையிலிருந்து மாவு கொட்டுகிறது, அல்லது மண் கோடு ஏறுகிறது

குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அதன் கீழே கோதுமை மாவு போல நைஸான தூளும் இருந்தால் வண்டு. தூளைத் துடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், புதுத் தூள் இல்லையென்றால் பழைய ஓட்டைதான், அடைத்து பெயின்ட் அடித்தால் போதும். புதுத் தூள் விழுந்தால் அந்தப் பலகையை மட்டும் கழற்றி மாற்றுவது, மருந்து அடிப்பதை விட முயலுக்கு நல்லது.

மண் கோடு என்றால் கரையான். கோட்டை உடைத்துவிட்டு அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், தரையிலிருந்தா, கூண்டைச் சாய்த்து வைத்திருக்கிற சுவரிலிருந்தா. சுவரை விட்டு அரை அடி தள்ளிவைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் கரையானும் எறும்பும் ஏறாது. கொசு வராமல் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் பூசச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேலிக் கம்பத்துக்கு அது நல்ல சரக்கு, முயல் நக்குகிற பலகைக்கு வேண்டாம், கையில் பட்டாலே தோல் வெந்துபோகும். கரையான் வீட்டுச் சுவரிலிருந்தே வருகிறது என்றால் கூண்டை விடுங்கள், வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள், முயலை அது முடிகிற வரை வேறு வீட்டில் விடுங்கள்.

## மதியத்தில் கூண்டுக்குள் அனல்

இது சேலத்துக்காரர்களுக்கு. ஏப்ரல், மே மாத வெயிலில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கூண்டு முயலைக் கொன்றுவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 30 டிகிரிக்கு மேல் போனாலே அது தவிக்க ஆரம்பிக்கும். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை உள்ளே, முயல் உட்காருகிற உயரத்தில் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள்.

முதலில் இடத்தை மாற்றுங்கள், வேப்ப மரத்தடியோ வீட்டின் கிழக்குப் பக்கமோ கிடைத்தால் வேறு எதுவும் செய்ய வேண்டாம். இடமில்லை என்றால் தகரத்தின் மேல் தென்னங்கீற்று இரண்டு அடுக்கு பரப்பி, பகலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள், தண்ணீர் பலகை விளிம்பில் வடியாமல் தகரத்தின் நீட்டல் வழியாக வெளியே விழ வேண்டும். மேற்குப் பார்த்த பலகைக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட். பின்பலகையின் மேல் பாதியை எடுத்துவிட்டு மெஷ் அடித்தாலும் தப்பில்லை, கீழே ஏற்காட்டுக் குளிரெல்லாம் கிடையாது. கூண்டுக்கு ஃபேன் மாட்டுவதானால் ஒயரை முயலுக்கு எட்டாமல் குழாய்க்குள் விட்டு இழுக்க வேண்டும், மொட்டை மாடியில் மழையில் நனைகிற இடத்தில் அந்த வேலையை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், வாயைச் சுற்றி நனைந்திருந்தால், காது தொட்டால் சுட்டால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காதைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், முழுதாக முக்கவும் வேண்டாம். நனைத்த கையோடு மருத்துவருக்குப் போன் போடுங்கள்.